மூன்றாவது புட்டி என்னுடையது

எங்கள் மகளின் முதுகிலிருந்து தண்ணீர் எடுத்த கதையை எங்கள் ஊர் காஜா பெராங்கில் இப்போது எல்லாரும் எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் நான் வெள்ளைக்கார டாக்டரின் சட்டையைப் பிடித்தேனாம். இன்னொருவர் சொல்வதில் ஆஸ்பத்திரி வாசலில் மாட்டைக் கட்டிப் போட்டு மறியல் செய்தேனாம். தெங்கேராவில் பல வருஷமாகப் பால் வாங்கும் ஒரு வீட்டில், நான் அந்தத் தண்ணீரைக் குடித்தே பார்த்துவிட்டதாக முடிவு கட்டியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் வீட்டம்மா செம்பைக் கை நீட்டித் தூரப் பிடிக்கிறார். நான் குடிக்கவில்லை. முகர்ந்து பார்க்கத்தான் நினைத்தேன். மூடி இறுக்கமாக இருந்தது.

போன வாரம் புக்கிட் பாருவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். முன்பின் தெரியாதவர். அவருடைய பிள்ளை பிறந்து சில நாள்தான் ஆகிறது. முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். சம்மதிக்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறார். ஊரில் இவ்வளவு படித்தவர்கள் இருக்கும்போது, பயத்துக்கு யோசனை கேட்க என் வீட்டைத்தான் யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். அவருக்கு என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் எப்படியெல்லாம் பயந்தேன் என்று சொல்லியாக வேண்டும். பயத்தைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் தகுதி ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

நான் பால்காரன். பால்காரனை ஊரே சந்தேகப்படும். அதனால் பால்காரன் ஊரையே சந்தேகப்படுவான். புல்லுக்காரன் கட்டுக்குள் ஈரத்தை ஏற்றியிருப்பான். பிண்ணாக்குக்காரன் மண்ணைக் கலந்திருப்பான். சைக்கிள் கடைக்காரன் நல்ல டியூபைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒட்டுப் போட்டதை மாட்டியிருப்பான். இப்படிச் சந்தேகப்பட்டே வாழ்ந்தவனுக்கு நடுவயதில், இனி இல்லை என்று மனைவியும் நானும் விட்டுவிட்ட பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான். இவ்வளவு நாள் கொடுக்காத கடவுள் இப்போது எதற்காகக் கொடுக்கிறார் என்று யோசித்தேன்.

எங்கள் தொழிலில் சந்தேகத்துக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பால் இன்ஸ்பெக்டர் திடீரென்று ரோட்டில் சைக்கிளை நிறுத்துவார். கேனிலிருந்து பாலை எடுத்து மூன்று புட்டிகளில் ஊற்றி, மூன்றுக்கும் அரக்கு முத்திரை வைப்பார். ஒன்று சோதனைக்குப் போகும். ஒன்று அவரிடம் இருக்கும். மூன்றாவது பால்காரனுக்கு. நாளைக்குத் தகராறு வந்தால் அந்த மூன்றாவது புட்டிதான் நமக்குச் சாட்சி. நான் என் பங்கை வாங்கினதும் வீட்டுக்கு விரட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவேன். புளித்துப் போன சாட்சி யாருக்கும் பயன்படாது. மூன்றாவது புட்டி கொடுக்காமல் யார் எதை எடுத்துப் போனாலும் அது கொள்ளை. இதுதான் நான் படித்த சட்டம் முழுவதும்.

குழந்தைக்குத் தொப்புள் காய்ந்து விழுந்த சமயம். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று பால் குடிக்க மறுத்தாள். பால்காரன் மகள் பாலை வேண்டாம் என்கிறாள் பார் என்று நான் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை அது எனக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. அப்புறம் உடம்பு ஒருமுறை கொதித்தது, அடுத்த முறை தொட்டால் சில்லிட்டிருந்தது. அழுகை பூனைக்குட்டி கத்துவது போல மெலிந்து கூர்மையாகிவிட்டது. தூக்கினால் அழுகை அடங்க வேண்டும். இவள் தூக்கினால் இன்னும் அதிகமாக அழுதாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்த என் மனைவி மரகதம் கையை நிறுத்தினாள்.

"என்னங்க, உச்சிக்குழி குழியா இல்லைங்க. மேடா இருக்கு."

நான் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது. திரிஷா, அதாவது மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி, பிடிக்க ஓடினேன். பாதி வழியில்தான் இடுப்பில் கோவணத்து மேல் துண்டு மட்டும் இருப்பது தெரிந்தது. மாட்டுக்கொட்டகையிலிருந்து நேராகக் கிளம்பியிருக்கிறேன். திரும்பி ஓடி வேட்டி கட்டிக்கொண்டு வருவதற்குள் மரகதமே பக்கத்து வீட்டு ஆளை அனுப்பித் திரிஷாவை வாசலில் நிறுத்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். கட்டிலில் தொங்கிய அட்டையில் 'மரகதத்தின் குழந்தை' என்று எழுதியிருந்தது. அப்பன் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குள் ஒரு புழு நெளிந்தது. நாளைக்கே குழந்தையை மாற்றி வைத்துவிட்டால் எதை வைத்துக் கேட்பது? கன்றுக்குட்டிக்கு அடையாளம் வைத்துப் பழகிய கை. யாரும் பார்க்காதபோது குழந்தையின் குதிகாலில் மையால் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் புள்ளி இல்லை. மரகதத்தை எழுப்பினேன். மரகதம் படுத்தபடியே, மிஸ்ஸி குளிப்பாட்டினாள், அழுக்கு போய்விட்டது என்றாள். மிஸ்ஸி என்பது அங்கே நர்சுக்குப் பெயர். எங்கள் வார்டு மிஸ்ஸி ஒரு சீனப் பெண்மணி, வயதானவர், மலாயில்தான் பேசுவார். அவரைப் பார்த்து நான் முறைத்தேன். அவர் என்னைப் பார்த்து, அடுத்த முறை குழந்தையைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவு, மாட்டு வாடை அடிக்கிறது என்று மலாயில் சொன்னார்.

குழந்தைக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுத் தாய்ப்பாலைப் பிழிந்து ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நான் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் சேர்க்கிறார்களா என்று பார்க்க வேண்டுமே. என் மனைவியின் பாலையே சந்தேகப்பட்ட முதல் பால்காரன் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் வெள்ளைக்காரர். நெடுக வளர்ந்து கழுத்து சிவந்த மனிதர். முன்பு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவராம். தமிழ் அங்கே கற்றது, அதனால் யாராயிருந்தாலும் 'நீ'தான். தமிழ் பேசும் வெள்ளைக்காரனைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும். அவர் சொன்னதை டிரெஸர் அருளப்பன் எனக்கு விளக்கினார். டிரெஸர் என்றால் மருந்து கொடுப்பவர், கட்டுப் போடுபவர். இவர் ரத்தம், சளி சோதிக்கும் அறையிலும் வேலை செய்தார். மூளையைச் சுற்றியும் முதுகெலும்புக்கு உள்ளேயும் கொஞ்சம் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது; மூளை இடிபடாமல் இருக்க அது மெத்தை மாதிரி. அதில் கிருமி புகுந்தால் பெரியவர்களுக்குக் கழுத்து விறைக்கும், தலை வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வார்கள். பச்சைப் பிள்ளைக்குக் கழுத்தும் விறைக்காது, சொல்லவும் தெரியாது. பால் குடிக்காது, துவண்டு கிடக்கும், அவ்வளவுதான். வேறு எத்தனையோ நோய்க்கும் பிள்ளைகள் அப்படித்தான் கிடக்கும். ஆகவே அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இடுப்புக்கு மேல், எலும்புகளுக்கு இடையில் ஊசி போகும். நரம்புத் தண்டு அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால் அதில் படாது.

நான் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, முடியாது என்றேன். அவர்கள் மறுபடி வற்புறுத்தவே, யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

வெளியே காப்பிக்கடையில் என் மச்சான் சிங்காரம் காத்துக்கொண்டிருந்தான். மரகதத்தின் தம்பி. முனிசிபல் ஆபீசில் பியூன். ஆபீசுக்கு வரும் பேப்பரை முதலில் படித்துவிட்டுத்தான் துரை மேசையில் வைப்பான், அதனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாதது இல்லை. மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற சமயம் அது. ஊரெல்லாம் வண்ணக் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏற மூட்டை கட்டினார்கள். எங்கள் டாக்டரும் அப்படித்தான்; அவர் அறைக்கு வெளியே ஆணி அடித்த பலகைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"ஈயத்த எடுத்தான், ரப்பர எடுத்தான்," என்றான் சிங்காரம், குரலைத் தாழ்த்தி. "இப்ப போற நேரத்துல நம்ம பிள்ளைங்க முதுகுத் தண்ணியும் எடுத்துட்டுப் போறான். பெட்டிங்கள பாத்தீங்கள்ல மச்சான்? காலியாவா இருக்கும்?"

இன்றைக்கு எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. காப்பியைப் பாதியில் வைத்தேன். நேராகத் திரும்பிப் போய், நடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தேன். பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். உள்ளே வைக்கோல் இருந்தது. வைக்கோலுக்கு நடுவில் ஒரு தேத்தண்ணிக் குவளையின் காது. புட்டி ஒன்றும் தென்படவில்லை. புட்டிகள் அடியில் இருக்கும் என்று முடிவு செய்தேன். சந்தேகப்படுகிறவனுக்கு இல்லாத பொருள்தான் பெரிய சாட்சி.

பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தபோது பின்னால் மிஸ்ஸி நின்றார். என்ன தேடுகிறாய் என்று கேட்கவில்லை. குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது, போய்ப் பார் என்றார்.

ஓடினேன். இடது கை மட்டும் துடித்துத் துடித்து நின்றது. கண் ஒரு பக்கமாகச் செருகியிருந்தது. மரகதம் அந்தச் சின்னக் கையைத் தன் இரண்டு விரலுக்குள் பிடித்திருந்தாள். அவள் என்னிடம் எப்போதும் சத்தம் போடுகிறவள் இல்லை. அன்றும் போடவில்லை.

"நீங்க யார வேணும்னாலும் சந்தேகப்படுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. அதுக்கெல்லாம் இவளுக்கு நேரம் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

அந்தத் துடிக்கிற கையை ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரைத் தேடி ஓடினேன். ஆனாலும் பாருங்கள், டாக்டர் அறைக்குப் போனவன் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தானா? இல்லை. இத்தனை வருஷ சந்தேகம் அப்படி லேசில் விடுமா? எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சட்டப்படி எடுக்க வேண்டும் என்றேன். மூன்று புட்டியில் எடுக்க வேண்டும். ஒன்று சோதனைக்கு. ஒன்று நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது என் கையில் வர வேண்டும். பாலுக்கு அப்படித்தான், பிள்ளைக்கு அதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டாக்டருக்கு முழுதும் விளங்கட்டும் என்று இதை இங்கிலீஷில் சொல்லும்போது அருளப்பன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் சிரிக்கவில்லை. பால் இன்ஸ்பெக்டர் என்ன செய்வார் என்று மறுபடி விவரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"எப்பவும் மூணு புட்டிதான் எடுக்கறது. மூணாவது உனக்கு. ஆனா நீ அத சூடா வெச்சுக்கணும். சட்டைக்குள்ள, உடம்போட. அருளப்பன் கூடப் போய் நீயே சோதனை ரூம்ல குடுக்கணும். சரியா?"

எப்போதும் மூன்றுதான் என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இங்கேயும் அதே சட்டம் இருக்கிறது. யாரும் கேட்காததால் மூன்றாவதை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நல்லவேளை கேட்டேன். சூடாக வைக்கச் சொன்னதுதான் இடித்தது. கறந்த பொருளைச் சூட்டில் வைத்தால் கெட்டுப் போகும் என்று எந்தப் பால்காரனுக்குத் தெரியாது? என் சாட்சியை என் கையாலேயே கெட வைக்கப் பார்க்கிறான் மனிதன். போகிற வழியில் குழாய்த் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அறைக்குள் விடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மிஸ்ஸி குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால் மோவாயைத் தொடும்படி சுருட்டிப் பிடித்துக்கொண்டார். வயிற்றுக்குள் எப்படி இருந்திருப்பாளோ அப்படி. மாட்டுக்குப் போடுகிற மாதிரி ஊசி வரும் என்று நான் நினைத்திருந்தேன். வந்தது என் கண்ணுக்கே சரியாகத் தெரியாத மெல்லிய ஊசி. குழந்தை கத்தியது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. என் நெற்றி கண்ணாடியில் அப்படியே ஒட்டியிருந்ததைக் கண்ட மிஸ்ஸி, பிடித்த பிடி விடாமல், "தூக்காங் சூசு, ஜாங்கான் தாக்குட்," என்றார். பால்காரா, பயப்படாதே என்று அர்த்தம். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்கு ஏனோ தைரியமாக இருந்தது.

நீர் பாய்ந்து வரவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தது. முதல் புட்டியில் சில சொட்டு, இரண்டாவதில் சில சொட்டு, மூன்றாவதில் சில சொட்டு. அவ்வளவுதான். மூன்றையும் சேர்த்தால் கன்று வாயிலிருந்து ஒழுகும் அளவுகூட இல்லை. இதையா கப்பலில் ஏற்றப் போகிறார்கள் என்று முதல் தடவையாக எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மூன்றாவது புட்டியை டாக்டரே கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிப் புட்டி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எங்களுக்கு இது கைப்பழக்கம். பாலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தாலே நீலம் பாய்ந்து நிறம் வெளுத்துவிடும். இது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாக, மங்கலாக, கனமாக இருந்தது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. சட்டைக்குள் புட்டியை வைத்துக் கையால் அழுத்திக்கொண்டு அருளப்பனோடு நடந்தேன். குழாயைப் பார்த்ததும் ஒதுங்கினேன்.

"எங்கண்ணே போறீங்க?"

"இத கொஞ்சம் குளுமையில நனைச்சுக்கறேன் தம்பி. கெட்டுப் போயிடும்ல."

அருளப்பன் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கெடத்தாண்ணே வேணும். கிருமி உசுரோட இருக்கணும். அத வளர விட்டாத்தான் அது யாருன்னு தெரியும், யாருன்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்துக்குச் சாகும்னு தெரியும். குளுந்து போனா சில கிருமி செத்துடும். அப்புறம் நாங்க யாரத் தேடுறது?"

பாலில் உறை ஊற்றி வைக்கிற மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அதேதான் என்றார். புட்டியை இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டேன். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்குச் சூட்டுக்குக் குறைவே இருந்திருக்காது. நடக்கும்போது அவருக்கு ஆறுதல் சொல்வது போல நானே சொன்னேன், கவலைப்படாதீர்கள் தம்பி, நான் பார்த்துவிட்டேன், நல்ல கெட்டியாக இருக்கிறது, தண்ணியாக இல்லை என்று.

நாலைந்து அடி நடந்த பிறகு அருளப்பன் நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அண்ணே, இது தண்ணி மாதிரிதான் இருக்கணும். பச்சத் தண்ணி மாதிரி. பொறந்த பிள்ளைக்குக் கொஞ்சம் மஞ்சளா இருந்தாலும் இருக்கலாம், அது பரவால்ல. இப்படி மங்கலா இருக்கக் கூடாதுண்ணே."

என் தொழிலில் நான் இத்தனை வருஷம் எதைப் பார்த்துப் பயந்தேனோ அது இங்கே நல்லது. எதைக் காட்டி மார்தட்டினேனோ அது என் மகளைக் கொல்கிற சீழ். என் கண் எனக்குப் பொய் சொல்லவில்லை. சரியாகத்தான் பார்த்தது. நான்தான் தலைகீழாகப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

சோதனை அறையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மூன்றாவது புட்டியைக் கொடுக்கும்போது என் விரல் அதை விடவில்லை, அருளப்பன் மெதுவாகப் பிரித்து வாங்கினார். அது கிருமி வளர்க்கிற தட்டுக்குப் போனது. முதல் புட்டி பூதக்கண்ணாடிக்கு, சீழ் அணுக்களை எண்ண. பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட நாலு அணு கூடவே இருக்குமாம், அதனால் கவனமாக எண்ண வேண்டுமாம். இவளுக்கு எண்ணி முடியவில்லை. இரண்டாவதில் சர்க்கரை பார்த்தார்கள்; கிருமி தின்று தீர்த்து மிகக் குறைவாக இருந்தது. அதிலேயே ஒரு சொட்டு எடுத்து அருளப்பன் தெளிந்த மருந்துத் தண்ணீருக்குள் விட்டார். விழுந்த இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பி மெல்லக் கீழே இறங்கியது; நோய் இருந்தால்தான் அப்படி வெளுக்குமாம். கறுப்புத் தேநீரில் பால் விழுவது போலவே இருந்தது. பால் விழுவதைப் பார்த்து என் வாழ்நாளில் நான் நடுங்கியது அன்றுதான்.

அன்றே ஊசி மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். பெனிசிலினும் இன்னொன்றும். தட்டில் கிருமி வளர்ந்து அது இன்னது என்று தெரிந்ததும் ஒரு மருந்தை நிறுத்தி வேறு கொடுத்தார்கள். அந்தக் குட்டித் தொடைகளில் ஊசி குத்த இடமில்லாமல் போனது. மிஸ்ஸி ஒவ்வொரு முறையும் ஊசி போட்ட இடத்தை ஒரு தாயைப் போலத் தேய்த்துவிட்டார். பில்லைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: நாங்கள் இருந்தது மூன்றாம் வகுப்பு வார்டு, பில்லைப் பார்த்து நான் பயப்படவில்லை. பயம் முழுவதும் வேறு பக்கம் செலவாகிவிட்டிருந்தது.

சிங்காரம் தினமும் சோறு கொண்டு வந்தான். வீட்டில் என் மாடுகளைக் கறந்ததும் அவன்தான். பியூன் சட்டையோடு கறந்திருக்கிறான், மாடு உதைத்திருக்கிறது, சொல்லவே இல்லை. கையில் வீக்கத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். அவனும் பெட்டிகளைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஒருநாள் நானே, என்ன மச்சான், துரை தண்ணீரை எந்தக் கப்பலில் ஏற்றுகிறார் என்று கேட்டேன். பேப்பரில் இன்னும் போடவில்லை என்றான்.

இழுப்பு நின்றது. அழுகை பூனையிலிருந்து மனிதக் குரலுக்குத் திரும்பியது. ஒரு காலையில் மிஸ்ஸி குழாயை எடுத்துவிட, மரகதம் குழந்தையை மார்பில் வைத்தாள்; குழந்தை இழுத்துக் குடித்தாள். உச்சிக்குழியை நான் தொட்டுப் பார்த்தேன். பள்ளமாக, மெத்தென்று, உள்ளே துடித்துக்கொண்டு இருந்தது. ஆனால் கிருமி போய்விட்டதா என்று உறுதியாகத் தெரிய இன்னொரு முறை முதுகு நீர் எடுக்க வேண்டும் என்றார்கள்.

அதற்குள் மெர்டேக்கா வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கம்பத்தில் புதுக் கொடி. பலகைப் பெட்டிகள் காணோம். வெள்ளைக்கார டாக்டரும் இல்லை. அவர் இடத்தில் சிங்கப்பூரில் படித்து வந்த சீன டாக்டர், இளைஞர். எனக்குப் பழைய வியாதி திரும்பியது. மூன்றாவது புட்டி எனக்கு என்று வாக்குக் கொடுத்தது பழைய ஆட்சி. புது ஆட்சி அதை மதிக்குமா? கேட்டால் கேலி செய்வாரோ? கேட்காவிட்டால் கொடுப்பாரோ? முதல் நாள் சாயங்காலம் முழுவதும் மரகதத்திடம் இதையே புலம்பினேன். அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே தூங்கிப் போனாள்.

மறுநாள் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். நெற்றியை ஒட்டவில்லை, கொஞ்சம் கௌரவமாக நின்றேன். மூன்று புட்டி நிறைந்தது. புது டாக்டர் வெளியே வந்தார். தமிழ் தெரியாது அவருக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு புட்டியை நீட்டினார். அருளப்பன் பக்கத்தில் நின்று சொன்னார்: "பெரிய டாக்டர் போறப்ப ஒவ்வொரு கட்டிலா சொல்லிட்டுப் போனாருண்ணே. உங்க கட்டில்ல வந்து, மூணாவது புட்டி அப்பாவுக்கு, மறந்துடாதன்னு சொன்னாராம்."

நாட்டைக் கைமாற்றிக் கொடுக்கிற அவசரத்தில் ஒரு பால்காரனின் புட்டியையும் சேர்த்துக் கைமாற்றிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். அவர் பெட்டியில் நான் தேடியதை நினைத்துக்கொண்டே புட்டியைச் சன்னல் பக்கம் தூக்கினேன்.

அதற்குள் ஒன்றுமே இல்லை போல இருந்தது. ஆட்டினேன், அசைந்தது. புட்டிக்கு அந்தப் பக்கம் சன்னல் கம்பி கோணாமல் தெரிந்தது. தண்ணீர். ஒரு துளி வெள்ளை இல்லாத பச்சைத் தண்ணீர். பால்காரன் ஒருவன் ஆஸ்பத்திரி நடையில் நின்று, தண்ணியாக இருக்கிறதே, தண்ணியாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை மிஸ்ஸி பார்த்துவிட்டுப் போனார். வாக்குப்படி அதையும் சட்டைக்குள் வைத்துச் சூடாகக் கொண்டு போனேன். அந்தத் தட்டில் எதுவும் வளரவில்லை.

வார்டுக்குத் திரும்பி மரகதத்திடம் சொன்னேன். எப்படி இருந்தது என்று கேட்டாள். சுத்தத் தண்ணி என்றேன். அவள் முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கி முடிந்ததும் முந்தானையை எடுத்தாள்.

"அத எங்கயாவது கேன்ல ஊத்திடாதீங்க. வழக்கம் போல."

பக்கத்துக் கட்டில்காரி வரை சிரித்தாள். என் தொழிலைப் பற்றி மனைவியே இப்படிப் பேசினால் ஊர் ஏன் பேசாது?

குழந்தைக்கு நிர்மலா என்று பெயர் வைத்தோம். சிங்காரம் மெர்டேக்கா சம்பந்தமாக ஏதேதோ சொன்னான், மரகதம் கேட்கவில்லை. இந்த நோய் போகும்போது காதைப் பறித்துக்கொண்டு போகலாம், தலை பெரிதாகலாம், கவனியுங்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். மாதாமாதம் தலையை நாடாவால் அளந்தார்கள். காதை நான் அளந்தேன்: அவள் பார்க்காத பக்கம் நின்று பால் கேன் மூடியைத் தட்டுவேன். ஆரம்பத்தில் இடது பக்கம் தட்டினால் தாமதமாகத் திரும்பினாள். இன்னும் அந்தக் காது கொஞ்சம் மந்தம்தான் என்று எனக்குச் சந்தேகம். மரகதம் அது மந்தம் இல்லை, அப்பன் எப்போது பார்த்தாலும் மூடியைத் தட்டினால் எந்தப் பிள்ளை திரும்பும் என்கிறாள். இருக்கலாம். இந்தச் சந்தேகத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை.

புக்கிட் பாருக்காரருக்கு இவ்வளவையும் சொல்ல நேரம் இல்லை. அவர் சைக்கிளிலிருந்து இறங்கவே இல்லை, ஒரு கால் தரையில், ஒரு கால் மிதியில். பிள்ளை பால் குடிக்கவில்லை என்று சொல்லும்போது அவர் கண் என் முகத்தில் நிற்கவில்லை, எங்கெங்கோ அலைந்தது. அந்தக் கண் எனக்குத் தெரியும். சம்மதியுங்கள், இப்போதே போங்கள் என்றேன். பயமாக இருந்தால் மூன்றாவது புட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நனைத்துவிடாதீர்கள் என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பி மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் முக்கியமானதை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. ரோடு வரை ஓடினேன்.

"தண்ணி மாதிரி இருந்தா பயந்துடாதீங்க," என்று கத்தினேன். "தண்ணியா இருந்தா நல்லது."

எதிரே செம்போடு வந்த இரண்டு வாடிக்கைக்காரர்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். மறுநாள் இரண்டு வீட்டிலும் பால் வேண்டாம் என்றுவிட்டார்கள்.